எழுத்தில்லாத ஜெர்சி

பனி ஹாக்கி அணியின் ஐம்பதாவது சீசன் விழாவுக்குக் கேப்டன்கள் எல்லோரும் வரிசையாகப் பனித்தளத்தில் இறங்க வேண்டும் என்று அலுவலகம் முடிவு செய்திருந்தது. அவர்களுடைய ஜெர்சிகளில் கேப்டனுக்குரிய ‘சி’ எழுத்தைத் தைப்பது ஓரெஸ்ட் பாரனெக்கின் வேலை. முப்பத்தொரு வருடமாக அந்த அணிக்கு ஸ்கேட் கத்தி தீட்டி, வியர்வை நாறும் துணி துவைத்துத் தேய்ந்துபோன மனிதர்.

பெயர்ப் பட்டியலை விரலால் எண்ணிப் பார்த்தார். பதினொரு பேர். ஆறாவதாக இருக்க வேண்டிய வெண்டல் ப்ரோகோப்பைக் காணோம். அவன் கேப்டனாக இருந்த மூன்று வருடமும் ‘கேப்டன் இல்லை’ என்று விழா மலரில் அச்சடித்திருந்தார்கள். பொய் சொல்வதற்கும் கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

வெண்டல் செய்த குற்றம் ஒன்றுதான். தலையில் அடிபட்டுத் தள்ளாடிய டாவிஷ் என்ற பத்தொன்பது வயது ஆட்டக்காரனை அணியின் மருத்துவரே மறுபடி களத்துக்கு அனுப்பினார் என்று பத்திரிகைக்காரர்களிடம் வாய் திறந்துவிட்டான். டாவிஷ் அதன்பிறகு விளையாடவே இல்லை. வெளிச்சம் பட்டாலே வாந்தி எடுத்தான். “நடிப்பு” என்று அவனைக் கேலி செய்த சக ஆட்டக்காரன் காஸ்விக்குக்குத்தான் அடுத்த கேப்டன் பதவி கிடைத்தது. இப்போது வாசலில் பெரிய படமாகப் பல்லிளித்துக்கொண்டிருப்பதும் அவன்தான்.

காஸ்விக்கை நினைத்தால் ஓரெஸ்ட்டுக்கு அருவருப்பு. தன்னை நினைத்தால் அதைவிட அருவருப்பு. அலுவலகம் வெண்டலைப் பதவியிலிருந்து நீக்கி, அவன் ஜெர்சியிலிருந்து எழுத்தை எடுக்கச் சொன்னபோது, அவன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தவர் அவர். வேலை போய்விடும் என்ற பயம்.

விழா நாளன்று மதியம் வெண்டல் பின்வாசல் வழியாக அவர் அறைக்கு வந்தான். பையில் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட். மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றான். ஓரெஸ்ட் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அவனுடைய பழைய ஜெர்சியை எடுத்தார். நீலம் வெளுத்திருந்தது. எழுத்து இருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை.

“உக்காரு வெண்டல். ரெண்டே நிமிஷம், தச்சுத் தந்துர்றேன்.”

“வேணாம். நீ அறுத்த மாதிரியே குடு, போட்டுக்கறேன்.”

ஓரெஸ்ட்டுக்கு முகம் எரிந்தது. ஊசியைக் கீழே வைத்தார். அவன் ஜெர்சியைப் போட்டுக்கொண்டதும், தளத்தின் கதவருகே தன் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

ஐந்தாவது கேப்டன் கைதட்டலோடு இறங்கியதும் அடுத்து நின்ற காஸ்விக் தலைமுடியைக் கோதிக்கொண்டு முன்னே வந்தான். தளத்தின் கதவு ஓரெஸ்ட் பொறுப்பில் இருந்தது. அவர் கையை நீட்டிக் காஸ்விக்கை நிறுத்திவிட்டு, வெண்டலை உள்ளே விட்டார். மேல் வரிசையில் வயதான சிலர் எழுந்து நின்றார்கள்.

அலுவலகப் பெண் பெய்ஜ் பட்டியலோடு ஓடி வந்தாள். “யாருங்க அது? லிஸ்ட்ல பேரே இல்ல. ஜெர்சில எழுத்துகூட இல்லயே.”

“ஆறாவது கேப்டன்மா,” என்றார் ஓரெஸ்ட். “எழுத்த அறுத்தவன் நான்தான். அதையும் உங்க மலர்ல போடு.”