பூசாமல் விட்ட அறை

ஒன்பது வருடம் பூட்டிக் கிடந்த மனமகிழ் மன்றத்தைச் சீர்செய்யத் தொடங்கிய முதல் நாளே பெயிண்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேரம் ஆடிய கூடத்தில் தரையெல்லாம் பாசி. ஜன்னல் கம்பிகள் தொட்டால் உதிர்ந்தன. பின்பக்கத்து மேசைப்பந்து அறை மட்டும் கூட்டித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு பெண்ணின் முக உயரத்துக்குக் கைக்கண்ணாடி. பழைய பூப்பந்து வலையைக் கொடியாகக் கட்டி, ஒரு சேலையும் காக்கிச் சட்டையும் உலர்த்தியிருந்தார்கள். மேசைக்கு அடியில் இரண்டு பாய்கள். அவர் மேலே பார்த்தார். கூரையில் ஒழுகிய தடம். மழை வந்தால் அந்த மேசைதான் அவர்களுக்குக் கூரை.

காக்கிச் சட்டை வாட்ச்மேனுடையது. மன்றத்தை மூடியபோது, "சாவி பத்திரம்" என்று சொன்ன செயலாளர் பிறகு காலமாகிவிட்டார். போ என்று சொல்லவும் யாருமில்லை, போக்கிடமும் இல்லை. வாட்ச்மேனும் மனைவியும் சாவியோடு அங்கேயே தங்கிவிட்டார்கள்.

புதிய செயலாளர் ஓய்வு பெற்ற டீச்சர். அவருக்கு இது தெரியாது. திட்டத்தில் அந்த அறை நூலகம். ஆறு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

"டீச்சர், அந்த ரூம் சுவர் ஓதம் அடிக்குது. இப்ப பூசினா பொரிஞ்சுடும். கடைசியில பாத்துக்கலாம்," என்றார் பெயிண்டர்.

மறுநாள் அவர் மச்சான், எலக்ட்ரீஷியன், ஏணியோடு பின்பக்கம் போவதைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"மச்சான், வா, டீ குடிச்சிட்டு வரலாம்."

"இப்பதானே மாமா குடிச்சோம்?"

"அது சூடே இல்லப்பா."

ஆனால் மச்சான் அந்த அறையை ஏற்கனவே பார்த்திருந்தான். டீச்சரிடம் போய், "அந்த ரூம்ல எர்த் சரியில்ல. தொட்டா தூக்கி அடிக்கும்," என்று சொல்லியும் இருந்தான். அதற்கு முந்தின நாள் தச்சர், "கதவெல்லாம் கரையான். கை வச்சா தலையில விழும்," என்றிருந்தார். மூன்று பேருமே, விஷயம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தார்கள். பொய் பொய்தான். ஆனாலும் இந்த மூன்றுக்கும் கடவுள் கோபித்துக்கொண்டிருப்பார் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தின வியாழக்கிழமை டீச்சர் மூவரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினார். எல்லா அறையும் முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர.

"ஒரே ரூம்ல தண்ணி, கரண்ட், கரையான்! மூணும் ஒண்ணா எப்படிப்பா குடித்தனம் பண்ணுது?"

குடித்தனம் என்றதும் மூன்று முகமும் வெளுத்தன. டீச்சர் விறுவிறுவென்று போய்க் கதவைத் தள்ளினார். அது சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

உள்ளே யாரும் இல்லை. பாய் இல்லை, கண்ணாடி இல்லை. மேசைமேல் துவைத்து மடித்த வலை, அதன்மேல் சாவிக்கொத்து. சுவரில் வெறும் ஆணி.

"உனக்கும் தெரியுமா?" என்று மச்சானைக் கேட்டார் பெயிண்டர்.

"உங்களுக்கும் தெரியுமா மாமா?"

தச்சர் தரையைப் பார்த்தார்.

விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் மேசை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். இந்த ஆறு வாரமும் தினம் சாயங்காலம், "நேரமாச்சு, வீட்டுக்குக் கிளம்புங்க," என்று அவர்தான் சொல்லியிருந்தார். "சரிங்கம்மா" என்று வாட்ச்மேன் வெளியே போவார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வருவார். அது இப்போதுதான் டீச்சருக்குத் தெரிந்தது.

சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூவரும் பின்னால் ஓடினார்கள்.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காலடியில் ஒரு பெட்டி. அந்த அம்மாவின் மடியில் கைக்கண்ணாடி. வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

"எங்களால வேலை நிக்குதுங்கம்மா. நல்ல மனுஷங்க மூணு பேர் எங்களுக்காகப் பொய் சொல்றாங்க. அந்தப் பாவம் எங்களுக்கு எதுக்கு?"

"இப்ப எங்க போறீங்க?"

"தங்கச்சி வீடு இருக்குதுங்க."

அவர் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இது நாலாவது பொய்," என்றார் டீச்சர். "சாவியை வச்சுட்டு வந்துட்டா ஆச்சா? காலையில அஞ்சு மணிக்கு யார் கேட்டைத் திறப்பா? நானா? மாடிப்படி ஏறவே எனக்கு முட்டி விடமாட்டேங்குது."

"நூலகம்..." என்று இழுத்தார் வாட்ச்மேன்.

"புஸ்தகம் கூடத்துல அலமாரியில இருக்கட்டும். அதுக்கென்ன படுத்துத் தூங்கவா இடம் வேணும்?"

"கமிட்டி ஒத்துக்கணுமேங்க."

"முப்பத்தாறு வருஷம் ஏழாம் வகுப்பைக் கட்டி மேய்ச்சவ நான். கமிட்டியில இருக்கிற ஏழு பேர் எனக்குப் பெரிசா? பிடிங்க சாவியை."

வாட்ச்மேன் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பெட்டியைத் தச்சர் தூக்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை, "அக்கா, என்ன கலர் அடிக்கட்டும்?" என்று வாட்ச்மேனின் மனைவியிடம் பெயிண்டர் கேட்டார்.

"மிச்சம் இருக்கிறதை அடிங்க தம்பி."

"மிச்சமெல்லாம் ஆகாது. சொல்லுங்க."

அந்த அம்மாவிடம் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை போலும். வெகுநேரம் யோசித்தார். "வெளிர் மஞ்சள்," என்றார் மெதுவாக.

பாதிச் சுவரில் மச்சான் கேட்டான்: "மாமா, அந்த ஆணியைப் பிடுங்கலையா?"

"பேசாம இரு. அதைச் சுத்திப் பெயிண்ட் அடிச்சுக்கலாம்."

சனிக்கிழமை சாயங்காலம் தோரணமெல்லாம் கட்டி முடித்து, டீச்சர் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார்: "நேரமாச்சு, வீட்டுக்குக் கிளம்புங்க."

"சரிங்கம்மா," என்றார் வாட்ச்மேன்.

கேட்டை உள்பக்கமாகப் பூட்டிவிட்டு, கூடத்தைக் கடந்து பின்பக்கம் நடந்தார்.