துணி காயுமா?

காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு இசக்கிசெல்வி போனை லாக்கரில் வைத்துப் பூட்டினாள். இனி இரண்டு மணி வரைக்கும் வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. செல்போன் சார்ஜர்களைப் பொருத்தும் அந்தக் கம்பெனிக் கூடத்துக்கு ஜன்னலே கிடையாது. தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, காலுக்கு உறை. ஒரு தூசி உள்ளே வரக்கூடாது. சுவரில் ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்று உண்டு. வெளியே வெள்ளமே வந்தாலும் அதில் நாற்பத்தைந்துதான்.

அவள் தங்கியிருக்கும் பென்னலூரில் இந்நேரம் வீட்டுக்காரி செந்தாமரையக்கா மிக்சர் மெஷினுக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டிக்கொண்டிருப்பாள். மாடிக்கு இன்று கான்கிரீட் தளம். கீழ்வீட்டை இசக்கி மாதிரி ஒன்பது கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, ஐந்து வருஷமாக மாடியில் தகர ஷீட்டுக்கு அடியில் வெந்தவள். அந்த ஷீட்டையும் கழற்றியாயிற்று. தளத்தை ஆரம்பித்தால் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் நின்றால் சேர்ந்த இடம் காலத்துக்கும் ஒழுகும். சிமெண்டுப் பாலை மழை அடித்துக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம்.

போடலாம் என்று சொன்னது இசக்கிதான். ஒன்பது பேருக்கும் இரண்டிரண்டு யூனிஃபார்ம். துவைத்தது மறுநாள் காய்ந்தாக வேண்டும். அதற்காக அவள் வாட்ஸப்பில் ஆரம்பித்த குழுவுக்குப் பெயரே ‘துணி காயுமா?’ தினமும் மாடியேறி வானத்தைப் பார்ப்பாள், போனில் மேகப் படம் பார்ப்பாள், குரலில் சொல்லி அனுப்புவாள். இரண்டு வருஷத்தில் நாலு தடவைதான் தப்பியது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு நேற்றுத் திரும்பியவளை, பையைக்கூட இறக்கவிடாமல் மாடிக்கு இழுத்துப்போனாள் செந்தாமரை.

“டிவில இன்னாமோ தூறும்ன்றான்டி. மேஸ்திரி தள்ளி வெக்கலாமான்றாரு.”

“அது கடலோரத்துக்குச் சொல்லுதாங்கக்கா. மழக்காலம் முடிஞ்சாச்சு. இங்கன பனிதான் விழும்.”

“அப்ப கெயக்கால வெள்ளையா தொங்குதே, அது இன்னா?”

“எதிர் கம்பெனி கூலிங் டவர் விடுத ஆவில்லா. தினம் பாக்கியளே.”

“நாலு நாளா காணோமேடி. இப்பதான வந்துகீது.”

“பனி மறைச்சிருக்கும்க்கா.”

“மேகமும் ஆவிதான்னு நீதான சொன்ன?”

“ஆவி மேல ஏறிக் குளிரணும். குளிர்ந்து ஒரு தூசியப் பிடிக்கணும், அப்பதான் துளி. கோடித் துளி சேந்தாத்தான் மேகம். இது பத்து பனை உயரத்துல கரைஞ்சு போற ஆவிக்கா.”

செந்தாமரை சிரித்தாள். “டிவிக்காரன் மெட்ராசுக்குச் சொல்றான். நீ நம்ம தெருவுக்குச் சொல்ற. உன்ன நம்பி போட்டுடறேன்.”

அந்தச் சிரிப்புதான் காலையிலிருந்து இசக்கியைக் குடைந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கை எழிலரசி முழங்கையால் இடித்தாள்.

“இன்னாடி, ஸ்க்ரூவ மொறைச்சிகினே கீற? எங்க வூட்டுக்காரரு டிவிய மொறைக்கிற மாதிரி.”

“அவருக்கு ஷிஃப்டு இல்லியாக்கா?”

“உங்க தெருவுக்கு எதிர்க்க கீதே, அவருக்கு அந்தக் கம்பெனிதான? பொங்கலோட மூடிட்டாங்க. மிஷின் சர்வீஸாம். திங்கக்கிழமதான் தொறப்பாங்க. அதுவரைக்கும் ரிமோட்ட கீழ வெக்க மாட்டாரு.”

இசக்கியின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் நின்றது. “அப்ப கூலிங் டவர்?”

“ஆளில்லாத கம்பெனில டவருக்கு இன்னா வேல? எல்லாம் ஆஃப்பு.”

நேற்று அவள் பார்த்தது ஆவி அல்ல. நாலு நாளாகக் காணவில்லை என்று அக்கா வாய்விட்டுச் சொன்னாளே. பனி மறைச்சிருக்கும் என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னோம். மேகப் படத்தில் கடல்மேல் கிடந்த மெல்லிய பட்டையையும் பார்த்தாள்தான். வலுவில்லாதது என்று தள்ளிவிட்டாள்.

சூப்பர்வைசர் வானமாமலையிடம் போய் நின்றாள். “சார், ஒரு போன் பேசணும்.”

“யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?”

“இல்ல சார். மழ...”

“உள்ள மழ பெய்யாதும்மா. போய் உக்காரு.”

வரிசையே சிரித்தது. உட்கார்ந்தாள். உண்மைதான், இங்கே மேகம் திரளவே முடியாது. பிடித்துக்கொள்ள ஒரு தூசி கிடையாது. கதவு திறக்கும்போதெல்லாம் வருகிறவர்களின் தலையைப் பார்த்தாள். எல்லாத் தலையிலும் உலர்ந்த தொப்பி. ஒரு மணி சுமாருக்குக் கதவருகே காலி அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. மேல் பெட்டியில் ரூபாய்க் காசு அகலத்துக்கு மூன்று கருவட்டங்கள். எழுந்து போய் உறையைக் கழற்றிவிட்டுத் தொட்டாள். ஈரம்.

இரண்டு மணிக்குப் போனை எடுத்தால் ஓர் அழைப்புகூட இல்லை. திட்டி நாலு அழைப்பு இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது. கம்பெனி பஸ்ஸின் கண்ணாடி முழுக்கப் புகை படிந்ததுபோல ஈரம். துடைக்கத் துடைக்க மறுபடி படிந்தது.

தெருமுனையில் இறங்கி ஓடினாள். மாடியில் மூன்றில் இரண்டு பங்கு தளம் கிடந்தது. அதன்மேல் தார்ப்பாய், பழைய பேனர், போதாத இடத்துக்குப் பெண்களின் போர்வைகள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்காத மூன்று பெண்கள் ஓரங்களைப் பிடித்தபடி சாரத்தில் நின்றார்கள். தூறல் விட்டிருந்தது. அல்லது விட்டதுபோல இருந்தது. சிமெண்டுச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்த செந்தாமரை, மிக்சரை விட்டு நகரவில்லை.

“இதுக்கு மேல நிறுத்தினா ஜாயிண்டு வுட்டுடும்மா,” என்றார் மேஸ்திரி. “இப்பவே சொல்லிடுங்க.”

“அக்கா, நேத்து நான் சொன்னது...”

“நேத்தையத அப்பால பேசிக்கலாம்.” செந்தாமரையின் குரலில் கோபம் இல்லை. “இப்ப சொல்லுடி. போடலாமா, மூடலாமா?”

இசக்கி அண்ணாந்தாள். நேற்றுக் கிழக்கில் தொங்கிய வெள்ளை இப்போது தலைக்கு மேல் சாம்பலாகப் பரவிக் கிடந்தது. எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மிக்சர்காரன் கைப்பிடியைப் பிடித்தபடி அவளையே பார்த்தான். சாரத்திலிருந்த மூன்று பேரும் பார்த்தார்கள்.

எட்டு மணி நேரம் உறைக்குள் கிடந்து வெளுத்துச் சுருங்கிய உள்ளங்கையை, துளி விழுகிறதா என்று பார்க்க அவள் வானத்துக்கு நீட்டினாள். எல்லோரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.