இரண்டு பேர் கட்சியின் கடைசி வியாழக்கிழமை

1

இந்தக் கதை ஒரு வாக்கெடுப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விவாதப் பொருள்: சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு நம் தலைமேல் உட்கார்ந்திருப்பது யாருடைய அரசு? தொழிலாளியுடையதா, முதலாளியுடையதா? ஆதரவு ஒரு கை, எதிர்ப்பு ஒரு கை. வருடக்கணக்காக ஒவ்வொரு வியாழனும் இதே முடிவுதான், ஏனென்றால் கட்சியில் இருந்ததே இரண்டு பேர்.

முன்பு ஒரு அறை நிறைய ஆள் இருந்தோம். சிலர் செத்தார்கள், சிலர் கடை வைத்தார்கள், ஒருவர் பாதிரியாராகவே ஆகிவிட்டார். மிஞ்சியது கெர்மன் சவேல்யேவிச்சும் நானும். [இதைச் சிரிப்பு வராமல் எழுதிப் பார்த்தேன். முடியவில்லை. நடந்தது எதுவும் சிரிக்கிற விஷயம் இல்லை.]

2

முதல் தொடக்கம்: "யூரல் மலையடியில் பனி பெய்துகொண்டிருந்தது." வேண்டாம். எங்கள் ஊரில் அது எப்போது நின்றது?

இரண்டாம் தொடக்கம்: "கெர்மன் ஒரு நேர்மையான தொழிலா—"

இதுவும் வேண்டாம். அப்படி எழுதினால் ஆள் சுவரொட்டி ஆகிவிடுகிறார். பேரிங் ஆலையில் லேத் ஓட்டியவர், மனைவியை இழந்தவர், பிடிவாதத்தில் உடும்பு. ஊறுகாய் வெள்ளரியை என் பக்கம் தள்ளுவதுபோல் தள்ளி, தானே தின்றுவிடுவார். அவர் கட்சி இது: ஆலையை விற்கும் இயக்குநர்கள் திருடர்கள், ஆனால் ஒரு வர்க்கம் அல்ல, சொத்து இன்னும் தொழிலாளியுடையதுதான், களவு போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவே.

நான் எல்வீரா, அவருக்கு எல்யா. ஆலையின் தொழிற்கல்லூரியில் அரசியல் பொருளாதாரம் நடத்தியவள். இப்போது அதே கரும்பலகையில் சந்தைப் பொருளாதாரம் நடத்துகிறேன். என் கட்சி: முதலாளித்துவம் வந்து உட்கார்ந்தாயிற்று, பிணத்துக்கு நாடி பிடிக்காதே.

"திருடன் வீட்டுக்குள்ள பூந்துட்டா வீடு அவனோடதாயிருமா, எல்யா?"

"போலீஸே அவனுக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா?"

"அப்பவும் திருடன் திருடன்தான்."

"பத்திரம் அவன் பேர்ல இருந்தா?"

"வாயில மார்க்ஸு, வயித்துக்குச் சந்தை! உங்கிட்டப் போயி பேசுறேன் பாரு."

திட்டிக்கொண்டே தேநீர் ஊற்றுவார். நான் போகும்போது, "அடுத்த வாரம் ஒழுங்காத் தயார் பண்ணிட்டு வா" என்பார். அந்த வாரம் முழுக்க எனக்கு அது ஒன்றுதான் வேலை.

3

இதுவரை இது கட்டுரை. ரிம்மா வந்தபிறகுதான் கதை.

ரிம்மா அவருடைய ஒரே மகள், அவரோடுதான் இருந்தாள். கணவன் வதீம் வடக்கே எண்ணெய் நகரத்தில், தொழிலாளர் விடுதியில் ஒரு கட்டிலில். அந்த ஆண்டுகளில் அவரவர் குடியிருந்த அரசு வீட்டை அவரவர் பேருக்கே எழுதிக் கொடுத்தார்கள். எழுதி வாங்கி விற்றால், வதீம் இருக்கும் ஊரில் மூவரும் இருக்க ஓர் அறை வாங்கலாம். அதற்குக் கெர்மனின் கையெழுத்து வேண்டும். "வர்க்கத்தோட சொத்தை என் பேருக்கு எழுதிக்க நான் யாரு?" என்று அவர் மறுத்துவிட்டார்.

(வதீமை அயோக்கியனாக எழுதினால் கதை எளிதாகும். இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அயோக்கியன் இல்லை, அலுத்துப்போனவன்.)

தொண்ணூற்றாறு நவம்பரில் ரிம்மா கல்லூரி வாசலில் எனக்காகக் காத்திருந்தாள்.

"எல்யா அத்தை, ஒரு உதவி பண்ணுங்க. அப்பாவை ஜெயிச்சுருங்க."

"என்னடி சொல்றே?"

"இது முதலாளி அரசுதான்னு நிரூபிச்சா கையெழுத்துப் போடுறேங்கறாரு. இத்தனை வருஷமாப் பேசுறீங்களே, ஒரே ஒரு வாட்டி ஜெயிக்கக் கூடாதா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு முப்பத்தெட்டு ஆச்சு அத்தை. வசந்தத்துக்குள்ள வரலேன்னா வரவே வேண்டாம்ங்கறான் வதீம். எனக்கு ஒரு பிள்ளை வேணும். வீடு எந்த வர்க்கத்தோடதுன்னு தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

4

எங்கள் வட்டத்தில் பழைய விதி ஒன்று உண்டு. எதிராளியை மறுக்கும் முன், அவர் வாதத்தை அவர் தலையாட்டும் அளவுக்கு நீ எடுத்துச் சொல்ல வேண்டும். பொறுமை போய் அந்த விதியைக் கைவிட்டிருந்தோம். அந்த வியாழன் நான் அதைத் தூசி தட்டி எடுத்தேன். என் வாதத்தை அவர் வாயாலேயே சொல்ல வைத்தால் பாதி வேலை முடிந்தது என்று கணக்குப் போட்டேன். ரிம்மா சமையலறையைச் சூடாக்கும் வெப்பக் குழாயில் சாய்ந்து நின்றாள்.

கெர்மன் வெள்ளரித் தட்டை நகர்த்தி வைத்தார்.

"நேத்து ஆலைக்குப் போனேன்" என்றார். "வாசல்ல காவலுக்கு நம்ம கோஸ்த்யா. எங்கிட்ட லேத் கத்துக்கிட்ட பய. கறுப்புச் சட்டை, இடுப்புல தடி. 'யாரைப் பாக்கணும் பெரியவரே'ன்னான். என்னைத் தெரியாமக் கேக்கல எல்யா, தெரிஞ்சேதான் கேட்டான். அவன் வீட்லயும் அடுப்பு எரியணுமில்ல. என் லேத் நின்ன இடத்துல இத்தாலி அலமாரி விக்கிறாங்களாம். லேத்து பழைய இரும்புக்குப் போயிருச்சு. அரசு யாரோடதுன்னு கேக்காதே, யாரைப் பாத்துக் கதவைச் சாத்துதுன்னு கேளு. இதானே உன் வாதம்? சரியாச் சொன்னேனா?"

நான் தலையாட்டினேன். ஒருநாளும் நான் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

அவர் வாதத்தைச் சொல்ல என் முறை வந்தது. சுமாராகச் சொல்லியிருந்தால் போதும். [இந்த வாக்கியத்தில்தான் கதை என் கையை விட்டுப் போகிறது.]

"எல்லாம் செத்துப்போச்சுங்கறாங்க" என்று ஆரம்பித்தேன். "அந்தக் குழாயைத் தொட்டுப் பாரு, சூடா இருக்கு. அதுக்கு வெந்நீர் அனுப்புற ஊர்க் கொதிகலன் ஆளுங்களுக்குக் கோடையிலேர்ந்து சம்பளமே வரல. ஆனா எரிக்கிறாங்க. நர்ஸ் நூரியாவுக்கும் வரல. உன் ரத்த அழுத்தம் பாக்க மாடியேறி வர்றா. டிராம் ஓட்டுறவ காசில்லாத கிழவிங்களுக்கும் நிறுத்துறா. எந்த முதலாளிக்காக? பத்திரத்துல போனது இவங்க கையிலேர்ந்து இன்னும் போகல. இவங்க இருக்கறவரைக்கும் இது நம்மளோடதுதான்."

கெர்மன் தலையாட்டினார். நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார். ரிம்மா குழாயை விட்டு விலகி நின்றாள்.

"அத்தை, நீங்க யாரு பக்கம்?"

கெர்மன் வீட்டு விண்ணப்பத்தை மேசைமேல் விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"விளையாட்டு முடிஞ்சுது. இப்ப உன் சொந்த வாயால சொல்லு. தொழிலாளி அரசுக்கு உயிர் இருக்கா, போயிருச்சா? போயிருச்சுன்னு நீ சொன்னா இப்பவே போடுறேன். வேற எவன் சொன்னாலும் நம்பமாட்டேன்."

5

முடிவு, முதல் வரைவு: கையெழுத்துப் போடுகிறார். வடக்கே ஒற்றை அறையில், திரைக்குப் பின்னால் ஒரு கட்டிலில், மகளும் மருமகனும் கிசுகிசுப்பதைக் கேட்காததுபோல் படுத்திருக்கிறார்.

இரண்டாம் வரைவு: போடவில்லை. வசந்தம் வருகிறது. ரிம்மா சந்தையில் சாக்ஸ் விற்கி—

மூன்றாம் வரைவு: "கோட்பாடு மாறலை, ஆனா மகளுக்காகப் போடுறேன்" என்கிறார். உங்களுக்கு இது பிடிக்கும் என்று தெரியும். கெர்மன் ஒப்பமாட்டார். பிள்ளைகளுக்காக என்று சொல்லித்தான் இயக்குநர்கள் எல்லோரும் திருடினார்கள் என்பார். அதற்கு என்னிடமும் மறுப்பு இல்லை.

நான் என்ன சொன்னேன் என்பதை எழுதி, கிழித்துப் போட்டுவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்: அவர் கேட்ட அந்த நேரத்தில் நான் அவர் வாதத்தின் பக்கம் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால் ரிம்மா அந்தச் சமையலறையிலேயே கிழவியாவாள். பொய் சொன்னால், உலகத்தில் என் ஒருத்தியின் வார்த்தையை நம்பும் மனிதரை, அந்த வார்த்தையாலேயே வீட்டை விட்டுக் கிளப்பியவள் ஆவேன்.

இனி நீங்கள் உட்காருங்கள், என் நாற்காலியில். அவர் உங்களைத்தான் பார்க்கிறார். ரிம்மாவும் பார்க்கிறாள். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைத்தான் நாங்கள் இத்தனை வருடமாகச் சொன்னோம்.