மூன்றாம் மாடித் தண்ணீர்

நவமணி ஐந்தாவது தடவையாக மூன்றாம் மாடி ஏறினாள். தோளில் சுமை தூக்கும் காண்டாக் கம்பு, அதன் இரு முனைகளிலும் தோட்டத்தில் ரப்பர் பால் சுமந்த அதே வாளிகள், இப்போது தளும்பத் தளும்பத் தண்ணீர். மலேசியாவில் செமோர் பக்கத்திலிருந்த அந்தத் தோட்டத்தை வீட்டுமனைகளாக விற்ற பிறகு, ஈப்போ கல்லூரி ஒன்றின் மாணவர் விடுதியில் அவளுக்குத் துப்புரவு வேலை கிடைத்திருந்தது.

போன வருடம், 1983இல், மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் படுத்துவிட்டது. புதிது வருகிறது, வருகிறது என்றார்கள். பிள்ளைகள் குளிக்காமல் பரீட்சைக்குப் போவதைப் பார்க்கப் பொறுக்காமல், யாரும் சொல்லாமலே அவள் கம்பைத் தோளில் வைத்தாள். தினமும் குளியலறைத் தொட்டிகளை நிரப்பிய பிறகுதான் துடைப்பத்தைத் தொட, தண்டாஸ் என்கிற கழிவறைகளைக் கழுவ முடிந்தது.

அவள் கீழே இறங்கி வந்தபோது, துப்புரவுக் குத்தகைக்காரருக்காக வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சதாசிவம் குழாயடியில் காத்திருந்தான். கையில் ஒரு தாள். விடுதி வசதிகள் திருப்தியா என்று மாணவர்களிடம் வருடாவருடம் எழுதி வாங்குவதன் முடிவு அது.

"தண்ணி வசதிக்குப் போன வருசம் நூத்துக்கு நாப்பது பேருதான் திருப்தின்னு எழுதுனாங்க. இந்த வருசம் எழுபத்தெட்டு, அக்கா! அதான் மோட்டாரு வேணாம்னு ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க."

நவமணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளைகள் நல்லதாக எழுதியதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

"ஆனா துப்புரவு முப்பத்தஞ்சுக்கு எறங்கிருச்சு. தண்டாஸ் நாறுதாம், படியெல்லாம் தண்ணி சிந்திக் கெடக்காம். மாசக் கடைசியோட ஒங்கள நிறுத்தச் சொல்லிட்டாரு மொதலாளி."

அவள் கம்பைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே போட்டாள்.

"அது பைப்புல வந்த தண்ணியா தம்பி? என் தோள்ல வந்த தண்ணிலா! தண்ணி தூக்குனா எப்ப தண்டாஸ் கழுவுறது? நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த? போய்ச் சொல்லு!"

"சொன்னேன்க்கா. அது அந்தம்மா வேல இல்லியே, யாரு தூக்கச் சொன்னான்னு கேக்குறாங்க."

பதினெட்டு மாதமாகக் கேட்காத கேள்வி. இன்றைக்குத்தான் அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

மூன்றாம் மாடியிலிருந்து ஒரு மாணவன் துண்டோடு எட்டிப் பார்த்தான். "யக்கா, இந்தப் பக்கத்துத் தொட்டி காலியா இருக்குலா! கிளாஸுக்கு நேரமாச்சு!"

நவமணி அசையவில்லை. சதாசிவம் மேலே பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு, அவள் முகத்தை மட்டும் பார்க்காமல், காலி வாளியை எடுத்துக் குழாயடியில் வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு, கம்பை எடுத்து அவள் பக்கம் நீட்டினான்.