பின்கேட்டில் ஐந்து நிமிடம்

பதினோரு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. ஆயத்த ஆடைக் கம்பெனியின் இஸ்திரிக்காரர் சட்டைக் காலர்மீது நீராவிப் பெட்டியை ஓட்டிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தை ஏழாவது தடவையாகப் பார்த்தார். நின்று நின்று இடது கால் கட்டைவிரல் விண்விண்ணென்று தெறித்தது. சிகரெட்டைத் தொட்டு இருபத்திரண்டு நாள். வாய் நமநமத்தது, கை சட்டைப் பையையே தடவிக்கொண்டிருந்தது.

அரசு மருத்துவமனை டாக்டர் பூசிமெழுகவில்லை. "ரத்தக்குழாய் சுருங்கிப்போச்சு. சிகரெட்டை விட்டா கால் பிழைக்கும். இல்லைன்னா எடுக்க வேண்டியதுதான்." புகையை விட உதவும் போன் எண்ணையும் அவரே எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து ஒரு அம்மா வாரம் ஒருமுறை, காலை பதினோரு மணிக்கு, கூப்பிட்டுப் பேசுவார். மூன்று அழைப்பை எடுக்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். சிகரெட் ஆசையை அடக்க அவர்கள் அனுப்பும், மெல்லுகிற மருந்தும் நின்றுவிடும். இரண்டு அழைப்பு ஏற்கெனவே போய்விட்டது.

தவறு இவருடையதுதான். பண்டிகை லீவு நாளில் வந்த முதல் அழைப்பில் அந்த அம்மா, "எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க சார். மானத்துக்குப் பயந்தாவது தொட மாட்டீங்க" என்றார். மனுஷன் தம்பட்டமே அடித்தார். சூப்பர்வைசர்வரை சொல்லித் தொலைத்தார். துணிக்கிடங்கில் எவனாவது திருட்டுத்தனமாகப் பற்றவைத்துவிடப் போகிறானே என்று பயந்து, புகைப்பவர்களுக்கு மட்டும் பதினோரு மணிக்குப் பின்கேட்டில் ஐந்து நிமிடம் விட்டிருந்தார் முதலாளி. சிகரெட்டை விட்டவனுக்கு எதற்கு ஐந்து நிமிடம் என்று சூப்பர்வைசர் இவருக்கு அதை நிறுத்திவிட்டார். உள்ளேயோ போன் எடுக்கக் கூடாது.

இஸ்திரிக்காரர் பெட்டியை நிறுத்திவிட்டு சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, ஒரு முக்கியமான போன். அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

"போனுக்கெல்லாம் ஏதுய்யா பிரேக்? தம்முக்குத்தான். நீதான் பெரிய யோக்கியனாயிட்டியே!"

நாலு பேர் சிரித்தார்கள். இவரும் சிரித்து வைத்தார்.

"இல்லண்ணே... முடியல. மறுபடி ஆரம்பிச்சுட்டேன்."

"அப்படி வா வழிக்கு. போ, போ."

தையல்காரர் ஒருவரிடம் ஒரு சிகரெட் கேட்டு வாங்கிக்கொண்டார். பற்றவைக்கும் எண்ணமே இல்லை. கையில் இருந்தால் போதும். பின்கேட்டைத் தாண்டியதுமே போன் அடித்தது.

"அப்பாடா, கிடைச்சீங்களே சார்! விட்டு எத்தனை நாளாச்சு?"

"இருபத்திரண்டும்மா." தோளில் யாரோ தட்டிக்கொடுத்ததுபோல் இருந்தது.

"பிரமாதம் சார்! கொஞ்சம் இருங்க, உங்க பதிவை எடுத்துப் பார்க்கிறேன்."

அதற்குள் சூப்பர்வைசர் கேட்டில் வந்து நின்றுவிட்டார். அவர் பார்வை இவர் கையிலிருந்த சிகரெட்டில் நிலைத்தது.

"என்னய்யா, பத்தவைக்கவே இல்ல? போன் பேசத்தான் எனக்குக் காது குத்துனியா?"

இஸ்திரிக்காரர் அவசரமாக சிகரெட்டை உதட்டில் வைத்தார். சூப்பர்வைசரே தீக்குச்சியை உரசி நீட்டினார். நீட்டிய கை நகரவில்லை. இஸ்திரிக்காரர் குனிந்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா? இருபத்திரண்டு நாள்னு குறிச்சுக்கிட்டேன். மருந்து இந்த வாரமே வந்துடும்."

"சரிம்மா" என்றார். புகை உள்ளே இறங்கியதும் இருமல் வந்தது. அது அந்த அம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.