மேலப்பாளையத்து ஐஸ்

ரோலர் ஸ்கேட்டில் ஓடும்போது சட்டென்று நிற்க வேண்டுமென்றால் பின்காலைத் தரையில் இழுக்க வேண்டும். திருநெல்வேலி சிமென்டுத் தரையில் பத்து வருடம் நான் அப்படித்தான் நின்றேன். லடாக் ஐஸ் ஹாக்கி முகாமில் முதன்முதலாக ஐஸில் இறங்கியபோதும் அதே பழக்கத்தில் காலை இழுத்தேன். சுவரில் போய் முட்டி விழுந்தேன். ஒரு வாரம் முழுக்க முட்டினேன்.

"ஐஸே இல்லாத ஊரிலிருந்து ஐஸ் ஹாக்கிக்கு ஏன் வருகிறாய்?" என்று பயிற்சியாளர் இந்தியில் கேட்டார். "அடுத்த முகாமுக்குள் நிற்கப் பழகு. இல்லாவிட்டால் வராதே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐஸே இல்லாத ஊராமே! என் வாப்பா முகம்மது மைதீன் மீன் வியாபாரி. தினமும் ஐஸ் கம்பெனியில்தான் அவருக்குப் பொழுது விடியும்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் விடிகாலை, சுபுஹு தொழுகை முடிந்ததும் வாப்பாவோடு அங்கே போனேன். பன்னிரண்டு ஐஸ் பாளங்களை இரண்டு வரிசையாகப் போட்டு, இடுக்குகளில் தூள் ஐஸை அடைத்தோம். ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்து ஓடலாம். ஐந்தாவதில் இரண்டு பாதங்களையும் பக்கவாட்டில் திருப்பி நின்றாக வேண்டும், இல்லையென்றால் எதிரே அடுக்கியிருக்கும் சாக்கு மூட்டைக்குள் தலை.

கம்பெனி முதலாளி சிவசண்முகம் அண்ணாச்சி மூன்றாம் நாள் பார்த்துவிட்டார். "பொம்பளப் புள்ள மிதிச்ச ஐஸ எவன்வே மீனுக்குப் போடுவான்?"

"லோடுமேன் செருப்புக்காலோட ஏறுதாரே அண்ணாச்சி, அப்பம் மீனு ஒண்ணும் சொல்லலியா?" என்றேன்.

வாப்பா என்னை அதட்டுவார் என்று நினைத்தேன். "அந்தப் பன்னெண்டையும் நானே எடுத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றார். சந்தையில் யாரோ கேலி பேசியபோதும் அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "ஆமா, எம்மவ மிதிச்ச ஐஸுதான். வேணும்னா வாங்கு, வேண்டாட்டி நடையக் கட்டு." அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

எட்டு மாதம் தினமும் விழுந்தேன். அடுத்த முகாமில் என் முறை வந்ததும் எதிரே நின்ற பயிற்சியாளரை நோக்கியே நேராக ஓடினேன். முட்டிவிடுவேன் என்று பயந்து அவர் ஓரெட்டுப் பின்னால் போனார். ஒரு முழம் மிச்சம் வைத்து நின்றேன். ஐஸ் தூள் அவர் முழங்கால்வரை தெறித்தது.

"எந்த ரிங்க்கில் பழகினாய்?"

"மீனுக்கு ஐஸ் ஏற்றும் இடத்தில்."

இந்திய அணிப் பட்டியலில் என் பெயரை ஷம்ஸியா என்று எழுதினார். ஊர்ப் பெயர் கேட்டார். மேலப்பாளையம் என்றேன். அவருக்கு வாயில் நுழையவில்லை. சரியாகச் சொல்லும்வரை நான் அவர் முன்னாலிருந்து நகரவில்லை.