கட்டுவதற்கு மட்டும்

...புது பஸ் நிலையம், அதுவும் கண்ணாடியில், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, மழை பெய்தால் உள்ளே உட்கார்ந்து மழையை நன்றாகப் பார்க்கலாம், பஸ்ஸைத்தான் பார்க்க முடியாது, மாதக் கடைசியோடு இருபத்தேழாம் எண் நிற்கப்போகிறது, போன வருஷம் பத்தொன்பது நின்றது, அதற்கும் முன்னாலேயே ஞாயிற்றுக்கிழமை வண்டி மொத்தமாகப் போயிற்று, மிச்சம் பக்கத்து நகரத்துக்குப் போகிற டான்காஸ்டர் வண்டி ஒன்று, அந்த ஒன்றுக்கு ஆறு நடைமேடை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்பலகை, எல்லாவற்றிலும் 'ஹார்க்தார்ப் உங்களை வரவேற்கிறது' என்று எழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது, யாரை வரவேற்கிறது, எதில் வந்து இறங்குவார்களாம்... அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், ஊதா நிற வேலைச் சட்டை, மேலே மழைக்கோட்டு, மடியில் பிளாஸ்க், மதிய ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் கிடக்கிறது, ஆனாலும் வந்துவிட்டாள், மகள் மந்திரி பக்கத்தில் நிற்கப்போகிறாளாம். பெஞ்சைத் தடவிப் பார்க்கிறாள். "வழவழன்னு இருக்குடி. பழைய இடத்துல முதுகு வெச்சு உட்கார முடியுமா சொல்லு, சாயம் ஒட்டிக்கும்." முதுகு வைத்து உட்கார்ந்து எதற்குக் காத்திருப்பாய் அம்மா... அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் மேட்டுக்கு அந்தப் பக்கம், இருபத்தேழு மட்டும்தான் அங்கே போகும், நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அங்கேதான், கார் இல்லை, ஓட்டவும் தெரியாது, டாக்ஸி பிடித்தால் பாதிச் சம்பளம் டாக்ஸிக்காரனுக்கு, நடந்துக்கறேன் என்கிறாள், நடைபாதை இல்லாத ரோட்டில், நவம்பர் இருட்டில், லாரிகளுக்கு நடுவில். பஸ் நின்றால் வேலை நிற்கும். இதைக் கண்டுபிடிக்கப் பொருளாதாரத்தில் பட்டம் தேவையில்லை, என்னிடம் பட்டம் இருக்கிறது, எதற்கு என்பதுதான் தெரியவில்லை.

அமைச்சர் தாமதம். ரயில் ரத்தாம், காரில் வருகிறாராம், அவருக்காவது கார் கிடைத்ததே. டங்கன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டே இந்தக் கம்பத்துக்கும் அந்தக் கம்பத்துக்கும் நடக்கிறார், ரிப்பன் தொய்ந்துவிட்டதாம். "டங்கன் கண்ணு, சூட்டு புதுசா? கல்யாணத்துக்கு எடுத்ததா, சாவுக்கு எடுத்ததா?" என்கிறாள் அம்மா, அவளுக்கு எல்லோரும் கண்ணுதான், போலீஸ்காரனும் கண்ணு, கடன் வசூலிக்க வந்தவனும் கண்ணு. டங்கன் சிரிக்கிறார், பல் மட்டும். டங்கன் என் மேலதிகாரி. ஊர்க் கவுன்சிலில் லண்டன் அரசாங்கத்திடம் பணம் கேட்பதற்கென்றே ஒரு பிரிவு, அதில் எனக்கு மார்ச் வரை வேலை, அதற்கப்புறம் அவர் மனசு வைத்தால். லண்டன் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதில்லை, போட்டி வைக்கிறது, எந்த ஊர் அதிகம் நாசமாய்ப் போயிருக்கிறது என்று ஊர் ஊராக நிரூபிக்க வேண்டும், கேவலப்பட்டும் நிற்க வேண்டும், அழகாகவும் நிற்க வேண்டும், ஜெயித்தால் கட்டுவதற்கு மட்டும் பணம், ஓட்டுவதற்குக் கிடையாது. கண்ணாடி என்றால் முதலீடு. டிரைவர் சம்பளம் என்றால் செலவு. செலவு கெட்ட வார்த்தை. நாங்கள் ஜெயித்தோம், அதனால்தான் இங்கே நிற்கிறோம். "ரெண்டே வரி, கர்ஸ்டி," என்கிறார் டங்கன், "இந்த ஊர்ப் பொண்ணு, வீட்லயே முதல்ல காலேஜ் போனவ, இந்த நிலையம் எங்களுக்கு நம்பிக்கை. அவ்வளவுதான். வேற எதையும் இழுத்து விடாத." இழுத்து விடத்தான் போகிறேன். அம்மாவைக் கைகாட்டி, இந்தப் பெண்மணி அடுத்த மாதம் எதில் வேலைக்குப் போவாள் என்று கேட்கப்போகிறேன், கேமராக்களுக்கு முன்னால், மார்ச்சும் போகட்டும், டங்கனின் மனசும் போகட்டும்...

எல்லாமே தோல்வி என்று சொல்ல ஆசைதான், சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். நான் பிறந்த வசந்தத்தில்தான் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, வேலையெல்லாம் ஒழிந்துவிடும் என்று முதலாளிகள் ஒப்பாரி வைத்தார்கள், ஒழியவில்லை, அம்மாவுக்குச் சம்பளம் ஏறியது, எனக்குப் புதுத் தள்ளுவண்டி வந்தது, அடுத்தவர் பிள்ளை கக்கிய வண்டி இல்லை, புதுசு, இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பாள். சந்தைக்குப் பின்னால் அரசாங்கம் நடத்திய குழந்தைகள் மையம், அங்கே தரைவிரிப்பில் மல்லாந்து கிடந்துதான் முதல் படப்புத்தகத்தைப் பார்த்தேன், அது இல்லையென்றால் நான் இல்லை, அப்புறம் வங்கிகள் கவிழ்ந்தன, வங்கிகளைத் தூக்கி நிறுத்தினார்கள், பில் எங்களிடம் வந்தது, மையத்தை மூடினார்கள், இப்போது அங்கே தோலைச் செயற்கை வெயிலில் கருக்கிக்கொள்கிற கடை. பஸ் டிக்கெட்டுக்கு உச்சவரம்பு வைத்தார்கள், இரண்டு பவுண்டு, எங்கே ஏறி எங்கே இறங்கினாலும், நல்ல திட்டம், உண்மையிலேயே நல்ல திட்டம், வண்டி இருந்திருந்தால். எண்பதுகளில் பஸ் கம்பெனிகளை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து அவிழ்த்து விட்டபோதும் நல்லதையே சொன்னார்கள், போட்டி வரும், கட்டணம் குறையும், வண்டி பெருகும், ஆனால் லண்டனை மட்டும் அவிழ்க்கவில்லை, ஏன்... படிக்கப் போன முதல் வாரம் லண்டனில் கிளம்பிவிட்ட பஸ்ஸின் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு உயிரைப் பிடித்து ஓடினேன், கூடப் படித்த ஒருத்தி நடைபாதையில் நின்று சிரித்தாள், "எதுக்குடி ஓடுற, அடுத்தது பின்னாடியே வருது பாரு." வந்தது. அதற்குப் பின்னாலும் ஒன்று வந்தது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன், நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி அந்த நிமிஷத்தில் தெரிந்துகொண்டதற்கு மேல் மூன்று வருஷ வகுப்பில் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை, எங்கள் ஊரில் பஸ்ஸைத் தவறவிடுவது என்றால் அந்த நாளையே தவறவிடுவது, அது அவளுக்கு எப்படித் தெரியும்...

கார் வந்துவிட்டது. பஸ் நிற்கிற இடத்திலேயே நிறுத்துகிறார்கள், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அமைச்சருக்கு நினைத்ததைவிடச் சின்ன வயசு, சுத்தமான ஷூ, கை குலுக்கும்போது பெயரைத் திருப்பிச் சொல்கிறார், கர்ஸ்டி, மிக்க மகிழ்ச்சி, கர்ஸ்டி. கத்தரிக்கோல், ரிப்பன், கைதட்டல், கவுன்சில் ஆட்கள்தான் தட்டுகிறார்கள். பிறகு நேராக அம்மாவின் ஊதாச் சட்டையிடம் போகிறார், கேமராவும் பின்னாலேயே. முதியோரைப் பார்த்துக்கிறீங்களா, உங்களை மாதிரி ஆளுங்கதான் இந்த நாட்டோட முதுகெலும்பு, புது நிலையம் எப்படி இருக்கு? "நல்லாருக்கு கண்ணு," என்கிறாள் அம்மா, "ஆனா டாய்லெட் எப்பத் திறப்பீங்க? காலைலேர்ந்து அடக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்." எல்லோரும் சிரிக்கிறார்கள், அமைச்சர் மனசு விட்டுச் சிரிக்கிறார், டங்கன் சாவியைத் தேடுகிறார், அம்மாவும் சிரிக்கிறாள், அவள் கேலி செய்யவில்லை, இந்த ஊரில் கடைசிப் பொதுக் கழிப்பறையை மூடி எத்தனையோ வருஷம், அவளுக்கு அது நிஜமாகவே வேண்டும், நிஜமாகவே சந்தோஷம்... இப்போது. இப்போது கேள்.

"மாசக் கடைசியோட இருபத்தேழு நிக்குது," என்கிறேன், குரல் எனக்கே கிறீச்சென்று கேட்கிறது, "இவங்க எங்க அம்மா, லொரெய்ன். அடுத்த மாசம் இந்தக் கண்ணாடிக்குள்ள உட்கார்ந்து எந்த பஸ்ஸுக்குக் காத்திருக்கணும்னு நீங்களே சொல்லுங்க." டங்கனின் முகத்தில் ரத்தம் இல்லை. அமைச்சரின் முகம் மட்டும் மாறவே இல்லை, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெதுவாக ஆட்டி, "ரொம்ப முக்கியமான கேள்வி, கர்ஸ்டி, கேட்டதுக்கு நன்றி. ஜனவரியில அடுத்த சுற்று வருது, பஸ் வழித்தடங்களுக்குன்னே தனி நிதி. இதையே எழுதி அனுப்புங்க. உங்க அம்மா மாதிரி நிஜ மனுஷங்களோட கதைதான் எடுபடும்." டங்கனுக்கு ரத்தம் திரும்புகிறது, "அதைத்தான் சார் நாங்களும் பேசிட்டிருந்தோம்," பேசவே இல்லை, என் தோளைத் தட்டுகிறார், கார்க் கதவு சாத்துகிற சத்தம், முடிந்தது, இவ்வளவுதானா, என்னை ஒருத்தரும் திட்டக்கூட இல்லை...

அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுக்கிறாள். "எதுக்குடி அவன்கிட்டப் போயி என்னைய இழுத்த? நான் திங்கக்கிழமையே மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன். இந்த மாசத்தோட நின்னுக்கறேன்னு. அவளும் என்ன செய்வா, பாவம், அழுதா. உன்கிட்ட சொன்னா குதிப்ப, அதான் சொல்லல." அழ வேண்டும், அந்தக் காரின் பின்னால் ஓட வேண்டும், மேட்டு ரோட்டில் அதை மறித்துக் கத்த வேண்டும், அதெல்லாம் தெரிகிறது, ஆனால் முதலில் வந்தது அதில்லை, முதலில் வந்தது... வேலை போய்விடக்கூடும் என்பதைவிட வேலை போய்விட்டது என்பது ஜனவரி விண்ணப்பத்தில் வலுவாக நிற்கும். அதுதான் வந்தது. ஐம்பத்து நான்கு வயது, வாழ்நாள் முழுக்க ஒரே இல்லத்தில் பணி, போக்குவரத்து இன்றி வேலை இழந்தவர்... தொடக்க வரியாகவே வைக்கலாம், நிறுத்து, புகைப்படம் இந்தச் சட்டையிலேயே, நிறுத்துடி... ஆனால் ஜனவரி வரை அப்படியே இருக்க வேண்டுமே, அதற்குள் ஊருக்குள்ளேயே அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால்? "என்னடி அப்படிப் பாக்குற?" என்கிறாள். ஒண்ணுமில்லம்மா என்கிறேன். கிடைத்துவிட்டால் நல்லதுதானே. நல்லதுதானே, கர்ஸ்டி?